7 பவுண்டு பாக்கிக்குப் பயந்தவர் எழுதிய பாட்டு... இன்று உலகமே பாடுது! யார் இந்த ராபர்ட் பர்ன்ஸ்?

1796 ஜூலை 12. ஸ்காட்லாந்தின் தெற்குக் கடலோரத்தில் பிரவ் என்ற குக்கிராமம். எலும்பும் தோலுமாகிவிட்ட 37 வயதுக்காரர் ஒருவர் அங்கிருந்து இரண்டு கடிதம் எழுதுகிறார். ஒன்று எடின்பர்க்கில் இருந்த பாடல் தொகுப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்கு, 5 பவுண்டு கேட்டு. இன்னொன்று மான்ட்ரோஸில் இருந்த பெரியப்பா மகன் ஜேம்ஸுக்கு, 10 பவுண்டு கேட்டு. துணிக்கடைக்காரருக்குச் சுமார் 7 பவுண்டு பாக்கி. அதற்காகத் தன்னை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அவரை இப்படிக் கேட்க வைத்தது.

சும்மா கேட்கவில்லை. தாம்சனுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு புதுப் பாட்டையும் வைத்து அனுப்பினார். இருவருமே உடனே பணம் அனுப்பினார்கள். ஆனால் 9 நாளில் அவர் இறந்துபோனார்.

அவர்தான் ராபர்ட் பர்ன்ஸ். டிசம்பர் 31 நள்ளிரவில் உலகின் பல நாடுகளில் கைகோத்துப் பாடுகிறார்களே, அந்த 'ஆல்ட் லாங் சைன்' பாட்டை நமக்குக் கொடுத்தவர். ஆங்கிலப் படங்களில் புத்தாண்டுக் காட்சி வந்தால் அந்த மெட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்த அதிகாரிகள் கடைசி அடி எடுத்துவைக்கும்போது ஒலிப்பதும் இதே மெட்டுதான்.

இவ்வளவு பெரிய பாட்டுக்காரர் 7 பவுண்டுக்கு ஏன் தவித்தார்?

மண் வீட்டில் பிறந்த குழந்தை

1759 ஜனவரி 25. எயர்ஷயர் பகுதியில் அலோவே கிராமம். அப்பா வில்லியம் தோட்டக்காரர். கூரை வேய்ந்த அந்த மண் வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். மூத்த மகன் ராபர்ட் பிறந்த சில நாளில் அடித்த புயலில் வீட்டின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. தாயையும் சேயையும் இருட்டில் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அம்மா ஆக்னஸுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் பழைய பாட்டுகள் நிறைய தெரியும். உறவுக்கார மூதாட்டி பெட்டி டேவிட்சன் வந்தால் பேய், பிசாசு, சூனியக்காரிக் கதைதான். எழுத்துப் படிப்புக்கு அப்பாவும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் சேர்ந்து ஜான் மர்டாக் என்ற இளம் வாத்தியாரை வைத்தார்கள். ஆக, ஒரு பக்கம் ஆங்கிலப் புத்தகம், இன்னொரு பக்கம் நாட்டுப்புறப் பாட்டும் பேய்க் கதையும். பின்னால் அவர் எழுதிய எல்லாவற்றிலும் இந்த இரண்டும் இருக்கிறது.

1766-ல் குடும்பம் மவுண்ட் ஆலிஃபன்ட் என்ற குத்தகை நிலத்துக்குப் போனது. மோசமான மண். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. 15 வயதிலேயே ராபர்ட் பெரிய ஆள் செய்யும் ஏர் வேலையைச் செய்தார். வயிற்றுக்குச் சரியான சாப்பாடு இல்லாமல் செய்த அந்த உழைப்புதான் அவருடைய இதயத்தைச் சிறுவயதிலேயே கெடுத்திருக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

முதல் பாட்டு வந்ததும் அந்த வயலில்தான். அறுவடையில் ஆணும் பெண்ணும் ஜோடியாக வேலை செய்வது அங்கே வழக்கம். ராபர்ட்டுக்கு ஜோடியாக வந்த பெண், தனக்குப் பிடித்த ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே இருந்தாள். அந்த மெட்டுக்குப் புதிதாக வார்த்தை எழுதினார். மெட்டு முதலில், வார்த்தை பிறகு. நம்ம ஊர் சினிமாப் பாட்டு மாதிரி. கடைசிவரை அவர் பாட்டு எழுதிய முறை இதுதான்.

அடுத்தடுத்து அடி

அடுத்த குத்தகை நிலம் லாக்லீ. அங்கே நிலச்சொந்தக்காரரோடு வழக்கு. எடின்பர்க் உயர் நீதிமன்றம் வரை போய் அப்பா ஜெயித்தார். ஆனால் பணமும் உடம்பும் கரைந்துபோயிருந்தன. 1784 பிப்ரவரியில் இறந்துவிட்டார். கடன், கோர்ட், ஜப்தி இந்த மூன்றின் மீதும் ராபர்ட்டுக்கு வாழ்நாள் முழுக்க இருந்த பயம் இங்கே தொடங்கியது. கடைசிக் கடிதங்களைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

அவரும் தம்பி கில்பர்ட்டும் மாஸ்கில் என்ற நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். விளைச்சல் இல்லை. ஆனால் கவிதை விளைந்தது. 1785-ல் ஏர் ஓட்டும்போது ஒரு வயல் எலியின் கூடு கலைந்துபோக, அந்த எலியிடமே மன்னிப்பு கேட்கிற மாதிரி ஒரு கவிதை எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் தன் புகழ்பெற்ற நாவலுக்குத் தலைப்பு எடுத்தது இந்தக் கவிதையிலிருந்துதான்.

இந்தக் காலத்தில்தான் மாக்லின் ஊரில் கொத்தனார் மகள் ஜீன் ஆர்மரைக் காதலித்தார். ஜீன் கர்ப்பமானார். கல்யாணம் செய்துகொள்வதாக ராபர்ட் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஜீனின் அப்பா செல்லாததாக்கினார். குத்தகைக்காரன், கையில் காசு இல்லாதவன், ஏற்கெனவே வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு ஒரு குழந்தைக்கு அப்பா ஆனவன். எந்தத் தகப்பன் ஒத்துக்கொள்வார்? சர்ச்சில் எல்லோர் முன்னாலும் ராபர்ட் நின்று கண்டிப்பை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜீனின் அப்பா சட்டப்படி அவர்மேல் நடவடிக்கையும் எடுத்தார்.

தப்பிக்க அவர் தேர்ந்தெடுத்த வழி ஜமைக்கா. அங்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் கணக்குப் பிள்ளை வேலை. பெயர்தான் கணக்குப் பிள்ளை. உண்மையில் அடிமைகளை மேற்பார்வை செய்யும் நிர்வாகத்தில் ஒரு ஆள். மனித சமத்துவம் பாடியவர் என்று கொண்டாடப்படுபவர் இந்த வேலைக்குப் போகச் சம்மதித்தார் என்பதை அவருடைய ரசிகர்களே இன்று சங்கடத்தோடுதான் பேசுகிறார்கள். மூடி மறைக்க முடியாத உண்மை.

கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். அதற்கும் உதவுமே என்றுதான் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டார்.

612 பிரதி, ஒரே மாதம்

1786 ஜூலை 31. கில்மார்னாக் ஊரில் ஜான் வில்சன் அச்சகத்தில் புத்தகம் வந்தது. மொத்தம் 612 பிரதி. விலை 3 ஷில்லிங். ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பண்ணை வேலைக்காரர்கள்கூட துணிக்காக வைத்திருந்த காசைக் கொடுத்து வாங்கினார்கள் என்று அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. அவருக்குக் கிடைத்தது சுமார் 20 பவுண்டு.

மொழியில்தான் விஷயம் இருக்கிறது. 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு, ஸ்காட்லாந்தின் படித்த வர்க்கம் தங்கள் ஸ்காட்ஸ் மொழியைப் பேசவே கூச்சப்பட்டது. சுத்தமான ஆங்கிலம் பேச வகுப்புக்குப் போனார்கள். ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்துக்குச் சகோதர மொழி, வயலிலும் சந்தையிலும் வாழ்ந்த மொழி. அதில் ஒரு விவசாயி கவிதை எழுதி, அதைச் சாதாரண ஜனம் காசு கொடுத்து வாங்கிப் படித்தது சின்ன விஷயம் இல்லை.

செப்டம்பரில் ஜீனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஜமைக்கா பயணம் தள்ளிக்கொண்டே போனது. பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக், இந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வேண்டும் என்று எழுதிய கடிதம் ராபர்ட்டுக்குக் காட்டப்பட்டது. கப்பல் போனது, அவர் போகவில்லை. இரவல் குதிரையில் ஏறி எடின்பர்க் போனார்.

தலைநகரில் ஒரு கட்டில், இரண்டு பேர்

எடின்பர்க் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பிரபுக்கள் வீட்டில் விருந்து, சீமாட்டிகளோடு பேச்சு. ஹென்றி மெக்கன்சி என்ற விமர்சகர், கடவுளே பாடம் சொல்லிக்கொடுத்த உழவன் என்கிற மாதிரி ஒரு பட்டத்தைக் கொடுத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர், மில்டன், போப் எல்லாம் படித்த, பிரெஞ்சு தெரிந்த ஒருவருக்குப் படிப்பறிவில்லாத மேதை என்ற வேஷத்தை மாட்டிவிட்ட பட்டம் அது. அவரும் கொஞ்ச நாள் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டார். புத்தகம் விற்கணுமே!

விருந்து முடிந்தால் அவர் திரும்பியது எங்கே தெரியுமா? ஊர் நண்பர் ஜான் ரிச்மண்டின் வாடகை அறைக்கு. இரண்டு பேருக்கும் ஒரே கட்டில்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டில் பர்ன்ஸைப் பார்த்த ஒரு பதின்வயதுப் பையன், அவர் கண்களின் பிரகாசத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. அந்தப் பையன் பின்னாளில் பெரிய நாவலாசிரியர் ஆன வால்டர் ஸ்காட்.

தலைநகரில் பர்ன்ஸ் செய்த ஒரு காரியம் தனியாகச் சொல்லவேண்டியது. அவருக்கு முன்பே ஸ்காட்ஸ் மொழியில் அற்புதமாக எழுதி, 24 வயதில் மனநலக் காப்பகத்தில் இறந்துபோனவர் ராபர்ட் ஃபெர்குசன். கேனன்கேட் சர்ச் கல்லறையில் ஒரு அடையாளக் கல்கூட இல்லாமல் கிடந்தார். தான் ஒருநாளும் சந்திக்காத அந்த மனிதருக்குத் தன் செலவில் கல் வைக்கிறேன் என்று சர்ச்சிடம் அனுமதி வாங்கினார் பர்ன்ஸ். கல் வர இரண்டு வருஷம் ஆனது. பர்ன்ஸ் காசு கொடுக்க மேலும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் கொடுத்தார்.

டியூக்கா? நண்பரா?

பர்ன்ஸின் நண்பர்களில் வில்லியம் நிகோல் ஒரு ரகம். எடின்பர்க் ஹை ஸ்கூலில் லத்தீன் வாத்தியார். மகா கோபக்காரர். 1787-ல் இருவரும் குதிரை வண்டியில் வடக்கு மலைப்பகுதிக்குச் சுற்றுலா போனார்கள். வழியில் கார்டன் டியூக்கின் மாளிகையில் பர்ன்ஸுக்கு விருந்து. நிகோல் சத்திரத்தில் காத்திருந்தார். தன்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாரே என்று வாத்தியாருக்கு ஆத்திரம். விஷயம் தெரிந்து டியூக் அழைப்பு அனுப்பியும் நிகோல் மசியவில்லை, வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார். பெரிய இடத்து உறவு, வேலை சிபாரிசு எல்லாம் கிடைத்திருக்கக்கூடிய நேரம். பர்ன்ஸ் டியூக்கை விட்டுவிட்டு நண்பரோடு வண்டி ஏறினார். பின்னால் தன் மகன் ஒருவனுக்கு வில்லியம் நிகோல் என்றே பெயர் வைத்தார்.

இன்னொரு மகனுக்கு ஜேம்ஸ் கிளென்கேர்ன். எடின்பர்க்கில் தனக்குக் கதவு திறந்துவிட்ட கிளென்கேர்ன் பிரபுவின் நினைவாக வைத்த பெயர்.

தன்னைவிட 29 வயது மூத்த பிரான்சஸ் டன்லப் அம்மையார் இன்னொரு முக்கியமான நட்பு. கணவரை இழந்த துக்கத்தில் இருந்தவர், பர்ன்ஸின் கவிதையைப் படித்துத் தேறிவந்து கடிதம் எழுதத் தொடங்கினார். பர்ன்ஸ் அதிகமாகக் கடிதம் எழுதியது இவருக்குத்தான். 1788 டிசம்பரில் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டை முதலில் அனுப்பியதும் இவருக்குத்தான்.

ஆக்னஸ் மெக்லஹோஸ் கதை வேறு மாதிரி. கணவரைப் பிரிந்து எடின்பர்க்கில் வாழ்ந்த, கவிதை எழுதத் தெரிந்த பெண். அறிமுகமான சில நாளில் பர்ன்ஸுக்கு முழங்காலில் அடிபட்டு வீட்டுக்குள் முடங்கினார். கடிதப் போக்குவரத்து தொடங்கியது. கிளாரிண்டா, சில்வாண்டர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினார்கள். சில வருஷம் கழித்து அவர் கணவரைத் தேடி ஜமைக்கா கிளம்பியபோது பர்ன்ஸ் அனுப்பிய பிரிவுப் பாட்டு 'ஏ ஃபாண்ட் கிஸ்'. ஆங்கில உலகில் இதைவிடச் சிறந்த பிரிவுப் பாட்டு உண்டா என்பது சந்தேகம்தான். ஆனால் ஆக்னஸ் வீட்டுப் பணிப்பெண் ஜென்னி க்ளோவுக்கும் பர்ன்ஸால் ஒரு குழந்தை பிறந்தது. அவளைப் பற்றிப் பாட்டு எதுவும் இல்லை.

சம்பளம் வாங்காத பாட்டுக்காரர்

ஜேம்ஸ் ஜான்சன் எடின்பர்க்கில் உலோகத் தகட்டில் இசைக்குறிப்பு செதுக்கும் தொழிலாளி. பெரிய படிப்பு இல்லை, பணமும் இல்லை. ஸ்காட்லாந்தின் எல்லாப் பாட்டையும் மெட்டோடு அச்சிட்டுக் காப்பாற்றிவிடவேண்டும் என்பது அவர் ஆசை. 1787-ல் முதல் தொகுதி வந்தது. பர்ன்ஸ் சேர்ந்த பிறகு ஆசை வேகம் பிடித்தது. 1803 வரை 6 தொகுதி, சுமார் 600 பாட்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பர்ன்ஸின் கை இருக்கிறது.

எப்படி வேலை செய்தார்? பாட்டி, தாத்தா, வண்டிக்காரர் யார் பாடினாலும் கேட்டு எழுதிக்கொள்வார். பழைய பாட்டில் ஒரு பல்லவி மட்டும் மிஞ்சியிருக்கும், மீதி மறந்துபோயிருக்கும். மெட்டைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்து, அது மனசில் ஊறிய பிறகு மீதியை எழுதுவார். ஜீனுக்கு நல்ல குரல். வரி மெட்டில் உட்காருகிறதா என்று ஜீனைப் பாடச் சொல்லிப் பார்ப்பார். எது பழசு, எது பர்ன்ஸ் எழுதியது என்று அறிஞர்களே இன்றும் தடுமாறும் அளவுக்கு ஒட்டுப்போட்ட தடம் தெரியாது.

'ஆல்ட் லாங் சைன்' கூட அப்படித்தான். ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாகவே அவர் சொன்னார். அதே தலைப்பில் அவருக்கு முன்பே சிலர் எழுதியிருந்தார்கள். தலைப்புக்குப் பொருள், போன பழைய நாட்கள். சின்ன வயதில் சேர்ந்து ஓடையில் விளையாடிய இரண்டு நண்பர்கள், கடல் பிரித்த பிறகு சந்திக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். புத்தாண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை! ஜான்சன் தொகுதியில் அது அச்சானது 1796-ல், பர்ன்ஸ் போன பிறகு. இன்று நாம் கேட்கும் மெட்டோடு சேர்த்தது 1799-ல் தாம்சன். வங்கத்தில் ரவீந்திரநாத் தாகூர் இதே மெட்டின் தாக்கத்தில் 'புரானோ சேய் தினேர் கொதா' எழுதினார், அதுவும் பழைய நாளின் நினைவுதான்.

ஜான்சனிடமும் சரி, வசதியான தாம்சனிடமும் சரி, பாட்டுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார் பர்ன்ஸ். தன் நாட்டுப் பாட்டுக்கு விலை வைப்பது கேவலம் என்று நினைத்தார். ஒருமுறை தாம்சன் 5 பவுண்டு அனுப்பியபோது கோபித்துக்கொண்டார். அந்த மனிதர்தான் கடைசியில் அதே 5 பவுண்டைக் கேட்டு எழுதினார்.

வரி அதிகாரி வேலை

1788-ல் ஒருவழியாக ஜீனை முறைப்படி மனைவியாக ஏற்றுக்கொண்டார். எடின்பர்க் பதிப்பில் வந்த பணத்தில் 180 பவுண்டைத் தம்பி கில்பர்ட்டுக்குக் கொடுத்தார். மீதியை டம்ஃப்ரீஸ் அருகே எல்லிஸ்லேண்ட் நிலத்தில் போட்டார். கல்லும் கட்டாந்தரையும். போட்ட பணம் வரவில்லை. 1789-ல் கலால் துறையில் சேர்ந்தார். வருஷம் 50 பவுண்டு சம்பளம். வாரம் 200 மைல் குதிரை சவாரி. சாராயம் காய்ச்சுபவரையும் கள்ளக்கடத்தல்காரரையும் பிடிக்கும் வேலை. குடியைப் பாடிய கவிஞருக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பாருங்கள்!

அங்கே பக்கத்துப் பண்ணையார் ராபர்ட் ரிடல் வீட்டில்தான் பிரான்சிஸ் குரோஸ் என்ற பருத்த தொல்லியல் ஆர்வலரைச் சந்தித்தார். பழைய கட்டடங்களைப் படம் வரைந்து புத்தகம் போட்டுக்கொண்டிருந்தவர். என் ஊர் அலோவே சர்ச்சையும் படம் போடுங்கள் என்றார் பர்ன்ஸ். அதற்கு ஒரு பேய்க் கதை எழுதித் தந்தால் போடுகிறேன் என்றார் குரோஸ்.

பிறந்தது 'டாம் ஓ ஷான்டர்'. சந்தை நாளில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, வீட்டில் மனைவி கோபமாக உட்கார்ந்திருக்க, மழையில் குதிரையேறும் விவசாயி. பாழடைந்த சர்ச்சில் சூனியக்காரிகள் ஆட்டம் போடுவதைப் பார்த்து, தன்னை மறந்து சத்தம் போட்டுவிடுகிறான். துரத்துகிறார்கள். ஓடும் தண்ணீரைப் பேய்கள் தாண்டாது என்று நம்பிக்கை. பாலத்தின் பாதியைத் தொட்டுவிட்டால் தப்பினான். தொட்டான், ஆனால் குதிரையின் வால் சூனியக்காரி கையில்! பெட்டி டேவிட்சன் சொன்ன கதையெல்லாம் வீண்போகவில்லை.

1791-ல் டம்ஃப்ரீஸ் நகருக்குக் குடிவந்தார்கள். அந்த வருஷம் மார்ச் 31-ல் மதுக்கடைப் பணிப்பெண் ஆனா பார்க்குக்கு பர்ன்ஸின் மகள் பிறந்தாள். 9 நாள் கழித்து ஜீனுக்கு மகன் பிறந்தான். ஜீன் அந்தப் பெண் குழந்தையையும் வாங்கித் தன் குழந்தைகளோடு வளர்த்தார். பர்ன்ஸ் வாழ்க்கை வரலாறுகளில் ஜீன் ஆர்மருக்கு ஒதுக்கப்படும் பக்கங்கள் இன்னும் குறைவுதான்.

பிரெஞ்சுப் புரட்சியும் உடைந்த நட்பும்

பிரான்சில் புரட்சி வெடித்தபோது பர்ன்ஸ் மனம் அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் சாப்பாடு போடுவது பிரிட்டிஷ் அரசு. 1792 கடைசியில் அவருடைய விசுவாசம் பற்றி இலாகா விசாரணை. மனைவி, குழந்தைகளோடு தெருவுக்கு வந்துவிடுவோம் என்று பதறி மேலதிகாரி ராபர்ட் கிரகாமுக்கு எழுதினார். வேலை தப்பியது. வாயை மூடிக்கொள்ளும்படி எச்சரிக்கை.

மூடினாரா? முழுசாக இல்லை. பழைய சுதந்திரப் போர்க்களத்தைப் பாடுவதுபோல் 'ஸ்காட்ஸ் வா ஹே' எழுதினார். அது லண்டன் பத்திரிகையில் பெயர் போடாமல் வந்தது. 1795-ல் பட்டத்தையும் பணத்தையும்விட மனிதன் பெரியவன் என்று பாடிய பாட்டும் வந்தது. அதே வருஷம், பிரெஞ்சுப் படை வந்தால் எதிர்க்க உருவான டம்ஃப்ரீஸ் தொண்டர் படையிலும் சேர்ந்தார். அந்தச் சீருடைத் துணிக்கான பாக்கிதான் கடைசியில் அவரைத் துரத்திய 7 பவுண்டு.

வாய் அவருக்கு நண்பர்களையும் இழக்க வைத்தது. ரிடல் குடும்பத்து விருந்தில் போதையில் நடந்த ஒரு அத்துமீறலால் அந்த வீட்டுக் கதவு மூடியது. சமாதானம் ஆவதற்குள் ராபர்ட் ரிடல் இறந்துபோனார். கில்லட்டினில் தலை போன பிரெஞ்சு ராஜா ராணியைப் பற்றி டன்லப் அம்மையாருக்கு ஏளனமாக எழுதினார். ராணுவக் குடும்பத்துப் பெண் அவர். கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார். சாவதற்குச் சில நாள் முன்பு பர்ன்ஸ் அவருக்கு ஒரு கடைசிக் கடிதம் எழுதினார்.

ரிடலின் தம்பி மனைவி மரியா மட்டும் பிணக்கு தீர்ந்து திரும்பி வந்தார். பிரவ் கிராமத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தவர், வண்டி அனுப்பி பர்ன்ஸை வரவழைத்துப் பார்த்தார். பர்ன்ஸைப் பற்றி முதலில் நேர்மையாக எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

அடக்கம் நடந்த அன்றே...

மருத்துவர் மேக்ஸ்வெல் சொன்ன வைத்தியம், குளிர்ந்த கடல் நீரில் இறங்கி நிற்பது. கெட்டுப்போன இதயத்துக்கு இதைவிட மோசமான வைத்தியம் இருக்க முடியாது. 1796 ஜூலை 21-ல் உயிர் போனது. குடித்தே செத்தார் என்ற பேச்சு அவருடைய முதல் பெரிய வரலாற்றை எழுதிய டாக்டர் ஜேம்ஸ் கரியால் பரவியது. இன்று பலரும் ஏற்பது வாதக் காய்ச்சலால் வந்த இதய நோய் என்ற விளக்கத்தை. ஆனால் கரி அந்தப் புத்தகத்தைக் கூலி வாங்காமல், குடும்பத்துக்கு நிதி சேர்க்கத்தான் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஜூலை 25, ராணுவ மரியாதையோடு அடக்கம். அதே நாளில் ஜீனுக்குப் பிரசவம். பிறந்த மகனுக்கு மேக்ஸ்வெல் என்று மருத்துவரின் பெயர். ஜீன் பெற்ற 9 பேரில் 3 மகன்கள் மட்டுமே வளர்ந்து ஆளானார்கள். அதில் இருவர் கிழக்கிந்திய கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார்கள். கோபக்கார வாத்தியாரின் பெயர் தாங்கிய வில்லியம் நிகோல் பர்ன்ஸ் பணியாற்றியது மெட்ராஸ் காலாட்படையில்.

1801-ல் நண்பர்கள் 9 பேர் அலோவே மண் வீட்டில் கூடி அவர் நினைவாகச் சாப்பிட்டார்கள். அதுதான் இன்று உலகெங்கும் ஜனவரி 25-ல் நடக்கும் பர்ன்ஸ் விருந்து. ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹாகிஸ்தான் அதில் முக்கியப் பதார்த்தம். 1999-ல் ஸ்காட்லாந்து தனக்கென நாடாளுமன்றத்தைத் திரும்பப் பெற்றபோது, அரசி முன்னிலையில் பாடகி ஷீனா வெலிங்டன் எழுந்து பாடினார். அவர் பாடியது, பட்டத்தைவிட மனிதன் பெரியவன் என்ற அந்த 1795 பாட்டு. கடைசிச் சரணத்தில் உறுப்பினர்களும் சேர்ந்து பாடினார்கள்.

ஜீன் 1834 வரை டம்ஃப்ரீஸில் அதே வீட்டில் வாழ்ந்தார். பர்ன்ஸைப் பார்க்க முடியாதவர்கள் அவரைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள்.